ஷுன்கியூ வாயால் ஒரு திட்டு

பாக்தோங் கிராமத்தில் ஷுன்கியூவிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர், ஆலமரத்தடிச் சின்னக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் மண் தெய்வம். இன்னொருத்தி, அவளுடைய மருமகள் வாய்லின். அந்த மண் தெய்வத்தைக்கூட ஒரு மழைக்காலத்தில், வாய்க்கால் உடைந்து கீரைப் பாத்தி முழுகியபோது, "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு என்னய்யா பாத்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டுவிட்டாள். ஆக, மிச்சம் மருமகள் ஒருத்திதான்.

சந்தையில் ஷுன்கியூ கடை போட்டால் கூவ வேண்டியதில்லை. திட்டுகிற சத்தத்துக்கே ஆள் கூடிவிடும். கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறவளிடம், "ஏம்மா, கீரை வாங்க வந்தியா, குழந்தை கன்னத்தைக் கொஞ்ச வந்தியா? இப்படிக் கிள்ளுறே!" என்பாள். பக்கத்துக் கடை மீன்காரன் வாளித் தண்ணீரைத் தெறிக்கவிட்டால், "உன் மீனைவிட உன் வாளிதான்டா அதிகமாத் துள்ளுது" என்பாள். திட்டு வாங்கினவர்கள் சிரித்துக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். அவள் திட்டில் முள் இருக்கும், விஷம் இருக்காது.

இத்தனை வாய் உள்ளவள் பிறந்தது பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில். அவள் அப்பா பட்டுப்புழு வளர்த்தார். புழு முசுக்கொட்டை இலை தின்கிற காலத்தில் வீட்டில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. புழு மிரண்டுபோனால் கூடு கட்டாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஷுன்கியூ பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பாகத்தான். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிப்போய்க் குளக்கரையில் தும்மிவிட்டு வருவாள். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ஊமை இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் 'தாம்' என்ற குடும்பத்துக்கு அவளை எடுத்தார்கள்.

தாம் வீட்டு மாமியாரின் வாய் வேறு ரகம். சோற்றில் கல் கிடந்தால் திட்டு. கல் இல்லாவிட்டால், "கல்லைப் பொறுக்கிக்கிட்டே பொழுதைக் கழிச்சியா?" என்று திட்டு. பிறந்த வீட்டை இழுப்பாள், நடக்கிற நடையை இழுப்பாள், இன்னும் பிறக்காத பிள்ளையையும் இழுப்பாள். ஷுன்கியூ புழுவைப்போல வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே சுற்றி வைத்துக்கொண்டாள். மாமியார் ஒரு இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். சில வருஷத்தில் புருஷனும் போய்விட்டான். மகன் கின்வாவை முதுகில் கட்டிக்கொண்டு அவள் முதல் நாள் சந்தைக்குப் போனபோது, எவனோ ஒருவன் அவரைக்காய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தான். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பிச் சந்தையே திரும்பியது. யார் இப்படிக் கத்துகிறாள் என்று ஷுன்கியூவும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அவள்தான்.

அன்று திறந்த வாய் பிறகு மூடவே இல்லை, கின்வாவின் கல்யாண நாள்வரை. அன்று புதுப்பெண் வாய்லின் மண்டியிட்டு மாமியாருக்குத் தேநீர் கொடுத்தாள். பெண் வடக்கே மலைப்பக்கத்து ஊர்க்காரி, யாரையும் தெரியாது. கை நடுங்கிப் பாதித் தேநீர் ஷுன்கியூ மடியில் கொட்டியது. கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது கிளம்பும் பார் என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஷுன்கியூ அந்த நடுங்குகிற கையையே பார்த்தாள். அவள் கையும் ஒரு நாள் இதே கூடத்தில் இப்படித்தான் நடுங்கியது. அன்று வாங்கிய வசவு இன்னும் காதோரம் இருந்தது.

"பரவாயில்லம்மா, எந்திரி" என்றாள். மனதுக்குள் ஒரு சத்தியமும் செய்துகொண்டாள். என் வாய் யாரைத் தொட்டாலும் இவளைத் தொடாது.

இப்போது முதல் மாதப் பௌர்ணமிக்கு வரவேண்டும். புத்தாண்டு பிறந்து பதினைந்தாம் நாள் அது. வீடெல்லாம் சிவப்பு விளக்குத் தொங்கும், இஞ்சிப் பாகில் பசையரிசி உருண்டை மிதக்கும். ஏன் விளக்கு என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. வானத்து ராஜாவின் செல்லக் கொக்கு வழிதவறிப் பூமிக்கு வந்தது. அதை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். ராஜாவுக்குக் கோபம். பதினைந்தாம் நாள் அந்த ஊரைக் கொளுத்திவிட்டு வா என்று படைக்குச் சொன்னார். அவர் மகளுக்கு மனசு கேட்கவில்லை. கீழே வந்து சொல்லிவிட்டாள். ஊரில் ஒரு புத்திசாலிக் கிழவர் வீட்டுக்கு வீடு சிவப்பு விளக்குக் கட்டச் சொன்னார், வெடி போடச் சொன்னார், சொக்கப்பானை கொளுத்தச் சொன்னார். மேலேயிருந்து பார்த்தால் ஊரே பற்றி எரிகிற மாதிரி இருந்தது. ராஜாவும், சரி, எரிந்து முடியட்டும் என்று படுக்கப் போய்விட்டார்.

விளக்குக் கதை எல்லா ஊருக்கும் பொது. பாக்தோங் பக்கம் அன்று இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்து நிலா எழும்புகிற நேரத்தில் பெண்கள் அடுத்தவர் தோட்டத்தில் கீரை திருடப் போவார்கள். வெங்காயத்தாள் எடுத்துவந்து கொடுத்தால் பிள்ளைக்குப் படிப்பு வரும். செலரி எடுத்தால் வீட்டுச் சோம்பேறிக்குச் சுறுசுறுப்பு வரும். லெட்டூஸ் கீரைதான் எல்லாவற்றுக்கும் மேல், அதை எடுத்தவள் மடி நிறையும். அந்தக் காலத்து அரசர்களே அன்று ஒரு நாள் சில்லறைத் திருட்டை மன்னித்து விட்டிருந்தார்கள் என்று குல மண்டபத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஷுன்கியூ சொல்வது வேறு. "வானத்து ராஜாவையே ஏமாத்தின நாளு. அன்னிக்கு ரெண்டு கீரை திருடினா என்ன குத்தம்?" இதை அவள் ஒருத்திதான் சொல்கிறாள். இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் கீரை ஒன்றுதான்.

ஆனால் சும்மா திருடினால் பலன் இல்லை. தோட்டக்காரி பார்க்க வேண்டும், பார்த்துத் திட்ட வேண்டும். திட்டு எவ்வளவு பலமோ பலனும் அவ்வளவு பலம். சொந்த வீட்டுப் பாத்தி செல்லாது. தோட்டக்காரி சிரித்துக்கொண்டு கையில் கொடுத்தால் அந்த வருஷம் போயிற்று. இன்னொன்று, புத்தாண்டு நாள் அது, கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. சாவு, நோய், நாசம் எதுவும் கூடாது. கெட்டதே சொல்லாமல் காது கிழியத் திட்ட வேண்டும். அது எத்தனை பேருக்கு வரும்? பாக்தோங்கில் ஒருத்திக்குத்தான் வந்தது.

"எவடி அவ, என் பாத்தியில மாடு மாதிரி மேயறவ! உன் வீட்டுல தொட்டில் கயிறு அவுக்க நேரமில்லாமப் போக! உன் அரிசிப் பானை மூடவே முடியாமப் பொங்க! ஓடுறியா, ஓடு, உன் பின்னாடி ஒரு டஜன் பிள்ளைங்க ஓடிவர!" இப்படிப் போகும் ஷுன்கியூவின் திட்டு. அதற்காகவே மூன்று ஊர் தாண்டி சைக்கிளில் பெண்கள் வந்தார்கள். கையில் கிடைத்த கீரையோடு வரப்பில் நின்று முழுத் திட்டையும் கேட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். பறித்த குழியில் காசு வைத்த சின்னச் சிவப்பு உறை ஒன்று கிடக்கும். வருஷம் முழுவதும் தொல்லையாக இருந்த வாய்க்கு அன்று ஒரு நாள் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

வாய்லின் வந்த முதல் வருஷம் அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் ஊரில் அன்று உருண்டை தின்றுவிட்டு விளக்குப் பார்த்துவிட்டுத் தூங்குவார்கள். மாமியார் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்த நேரம், தோட்டத்தில் நாலைந்து பெண்கள் இருட்டில் ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பாவம், வாங்கக் காசில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். நல்ல கீரையாகப் பார்த்துப் பறித்து, வாழைநாரால் அழகாகக் கட்டி, ஆளுக்கு ஒரு கட்டு கையில் கொடுத்து, "போதுமா அக்கா? இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்கள் அழுதேவிட்டார்கள். ஒருத்தி இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள்.

ஷுன்கியூ வாசலுக்கு வந்து இந்தக் கூத்தைப் பார்த்தாள். ஊரே வேலி ஓரம் கூடிவிட்டது. அன்று கிளம்பாத திட்டு என்றைக்குக் கிளம்பும்?

"உள்ள போம்மா, குளிருது" என்றாள் ஷுன்கியூ. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துப் பௌர்ணமி போயின. வாய்லின் எல்லா வழக்கமும் கற்றுக்கொண்டாள், ஊர்ப் பேச்சையும் கற்றுக்கொண்டாள். தோட்ட வேலையில் மாமியாருக்குச் சளைத்தவள் இல்லை. குழந்தை மட்டும் இல்லை. யார் தோட்டத்துக்குப் போனாலும், "ஷுன்கியூ அக்கா மருமகளா, எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ" என்று அள்ளிக் கொடுத்தார்கள். ஷுன்கியூவின் மருமகளைத் திட்டிவிட்டு மறுநாள் சந்தையில் ஷுன்கியூ முன்னால் நிற்க யாருக்குத் துணிச்சல் உண்டு?

வாய்லினிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது, கவனம் போதாது. அது நாளாக நாளாக வளர்ந்தது. செருப்பை வாசற்படியில் குறுக்கே கழற்றிப் போடுவாள். சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டுவாள். வாத்துக் கூட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஷுன்கியூ செருப்பைத் தாண்டுவாள், சூப்பைக் குடிப்பாள், வாத்தைத் துரத்திப் பிடிப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, "பரவாயில்லம்மா." சொல்லிவிட்டுக் குளக்கரைக்குப் போய் வாத்துகளைத் திட்டிவிட்டு வருவாள்.

அந்த வருஷம் புத்தாண்டுக்கு வந்த கின்வா தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னான். அவன் பக்கத்து நகரத்தில் டைல்ஸ் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவான்.

"அம்மா, டவுன்ல ஒரு ரூம் பாத்திருக்கேன். பதினஞ்சு முடிஞ்சதும் வாய்லினைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு. அவதான் கேட்டா."

"அவளா கேட்டா?"

"ஆமாம்மா. இங்க அவளுக்கு... என்னமோ ஒட்டலைங்கிறா."

ஷுன்கியூ கையிலிருந்த தர்ப்பூசணி விதையைக் கொறிக்காமல் தட்டில் வைத்தாள். பிள்ளை இல்லாததற்கு ஊர் பேசுகிற பேச்சுத்தான் இவளை விரட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆக, இந்தப் பதினைந்துதான் கடைசி. இந்த ஒரு தடவையாவது இந்தப் பெண் முறையாகக் கீரை திருடி முறையாகத் திட்டு வாங்க வேண்டும். மடி நிறைந்தால் மனசும் ஒட்டும். ஆனால் திட்ட யார் இருக்கிறார்கள்? தன் பாத்தி செல்லாது. தன் வாயும் சத்தியத்தில் கிடக்கிறது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யூன்ஹோ இருந்தாள். நல்ல லெட்டூஸ் போடுவாள், வாத்து வளர்ப்பாள். ஷுன்கியூவுக்குப் பயப்படாதவள் ஊரில் அவள் ஒருத்திதான், நாற்பது வருஷத்துச் சிநேகிதம். ஒரே ஒரு சங்கடம். யூன்ஹோவுக்குத் திட்ட வராது. வாத்து வழியில் நின்றால்கூட, "கொஞ்சம் தள்ளிக்கோ ராசா" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள்.

பத்தாம் நாள் காலை ஷுன்கியூ பலகைப் பாலத்தைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"யூன்ஹோ, நீ என் மருமகளைத் திட்டணும்."

"ஐயய்யோ, நான் எதுக்குக்கா அந்தத் தங்கத்தைத் திட்டணும்?"

"கீரை திருட உன் தோட்டத்துக்கு அனுப்புறேன். திட்டு. வயித்துலேர்ந்து வரணும். எங்கே, சொல்லு பாப்போம். 'எவடி அவ!'"

யூன்ஹோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எவ... யாரும்மா அது... சாப்பிட்டியா?"

"சாப்பிட்டியாவா? திருடிகிட்ட சாப்பிட்டியான்னு கேப்பியா?"

"வாயில அதுதான்க்கா வருது."

"உன்னை யாராச்சும் கோபப்படுத்தினதே இல்லையா? அந்தக் கோபத்தை நெனைச்சுக்கோ."

யூன்ஹோ நெடுநேரம் யோசித்தாள். "ஒரு தடவை நீ என் குடையை வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்கலை."

"அது என்னிக்கு?"

"வேண்டாம்க்கா, விடு. பழசு."

இப்படியே தினமும் பாடம் நடந்தது. ஷுன்கியூ ஒரு வரி சொல்வாள், யூன்ஹோ திருப்பிச் சொல்வாள். 'என் பாத்தியில கால் வச்சவளே' என்பது ஒரு வழியாக வந்தது. அடுத்து 'உன் வீட்டுல தொட்டில் கயிறு' வந்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யூன்ஹோ, "தப்பா எடுத்துக்காதே" என்று சேர்த்துக்கொண்டாள். அதை மட்டும் ஷுன்கியூவால் பிடுங்க முடியவில்லை. பதினான்காம் நாள் யூன்ஹோவுக்குத் தொண்டை கட்டியது. ஷுன்கியூ பேரிக்காயும் கற்கண்டும் வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பதினைந்தாம் நாள் பொழுது சாய்ந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக வாய்க்கால் தண்ணீரில் சிவந்தன. உருண்டை தின்று முடித்ததும் ஷுன்கியூ மருமகளிடம், "யூன்ஹோ தோட்டத்துல இந்த வருஷம் கீரை நல்லா வந்திருக்காம்மா. போய்ட்டு வாயேன்" என்றாள், ஏதோ உப்பு வாங்கிவரச் சொல்கிற மாதிரி. வாய்லின் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். உள் அறையில் அவள் பை கட்டித் தயாராக இருந்தது.

ஷுன்கியூ வேறு வழியாகச் சுற்றிப்போய் யூன்ஹோவின் வாழைக் கன்றுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். தன் பாத்திக்குப் பெண்கள் வருவார்களே, அங்கே திட்ட ஆள் இல்லையே என்பது அவளுக்கு நினைவே இல்லை.

வாய்லின் வரப்பில் இறங்கினாள். குனிந்து ஒரு கீரையை வேரோடு பிடுங்கினாள். யூன்ஹோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் கைவைத்தாள். வாயைத் திறந்தாள்.

வாழைக் கன்றுக்குப் பின்னால் ஷுன்கியூவின் உதடுகளும் கூடவே அசைந்தன. எவடி அவ. சொல்லு. எவடி அவ.

"எவ..." என்றாள் யூன்ஹோ. நிலா வெளிச்சத்தில் வாய்லினின் முகத்தைப் பார்த்தாள். "பாத்தும்மா, அங்க சேறு வழுக்கும். அந்தக் கீரை முத்தல், இந்தப் பக்கம் இளசா இருக்கு பாரு. விளக்கு எடுத்துட்டு வரட்டுமா?"

வாய்லினின் தோள் தொங்கிப்போனது. கையிலிருந்த கீரையை மெல்ல வரப்பில் வைக்கப் போனாள்.

அந்தக் கீரை தரையைத் தொட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஷுன்கியூ வாழை இலையைக் கிழித்துக்கொண்டு எழுந்தாள்.

"அடியே யூன்ஹோ! அஞ்சு நாளா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே, கிளிகூடக் கத்துக்கிட்டிருக்கும்! விளக்கு எடுத்துட்டு வராளாம் விளக்கு! தலகாணி போட்டு விசிறியும் விடேன்!"

யூன்ஹோவைத் திட்டின வேகத்தில் திரும்பினாள். எதிரே மருமகள் நின்றாள். வண்டி இறக்கத்தில் இறங்கிவிட்டது, சத்தியமாவது பிரேக்காவது.

"நீ என்னடி பாக்குறே? திருட வந்தவ மாதிரியா நிக்குறே, போட்டோ பிடிக்க வந்தவ மாதிரி நிக்குறே! எடுத்ததைக் கீழ வைக்கிறா பாரு, கைக்கு வந்ததை விடுறவ எப்படிடி குடும்பம் பண்ணுவே! பிடிடி அதை! மார்போட சேத்துப் பிடி! ஆறு வருஷமா வாசப்படியில செருப்பைக் குறுக்கே போடுறியே, தாண்டித் தாண்டி எனக்கு ஆட்டுக்கால் முளைச்சிடுச்சு! உன் வாசப்படியில சின்னச் சின்னச் செருப்பா குவிஞ்சு கிடக்க, நீ தாண்டித் தாண்டி மூச்சு வாங்க! சூப்புல உப்புக் கொட்டுறியே, கடலு வந்து உன்கிட்ட கடன் கேக்கும்! உன் சூப்புப் பானையைச் சுத்தி எட்டுக் கிண்ணம் ஒண்ணா நீள, உப்புப் போட உனக்குக் கையே ஓயாம இருக்க! வாத்துக் கூட்டைத் திறந்து விட்டுட்டுப் பாட்டா பாடுறே, பாட்டு? தாலாட்டுப் பாடியே உன் தொண்டை தேய!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஷுன்கியூவின் பாத்தியில் காத்துக்கிடந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள். "அந்தக் கரையிலடி! அந்தக் கரையில நடக்குது!" என்று ஒருத்தி கூவினாள். பிடுங்கின கீரையோடு எல்லாரும் பலகைப் பாலத்தில் திமுதிமுவென்று ஓடிவந்து, வாய்லினுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். எந்தத் துளி யார்மேல் தெறிக்கிறதோ, தெறிக்கட்டும்.

வாய்லின் கீரையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சேற்று வேர் அவளுடைய புதுச் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, வாய் காதுவரை சிரித்தது. திருட வந்தவள் பதில் பேசக் கூடாது என்பது முறை. அவள் பேசினாள்.

"செருப்பை வேணும்னுதான் போட்டேன் அத்தை!"

ஷுன்கியூ நின்றாள். "என்னது?"

"உப்பையும் வேணும்னுதான் போட்டேன். வாத்தும் அப்படித்தான்."

"வேணும்னா? எதுக்குடி?"

"திட்டுவீங்கன்னு! ஊருல எல்லாருக்கும் கிடைக்குது. மீன்காரனுக்குக் கிடைக்குது, வாத்துக்குக்கூடக் கிடைக்குது. எனக்கு மட்டும் 'வாம்மா, போம்மா, பரவாயில்லம்மா.' விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி. எங்க ஊர்ல நான் தெருமுனையில வரும்போதே எங்கம்மா உள்ளேர்ந்து திட்ட ஆரம்பிச்சிடும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் வீடு வந்திருச்சுன்னு இருக்கும். இங்க ஆறு வருஷமா எனக்கு இன்னும் வீடு வரலை அத்தை."

ஷுன்கியூ வாழைக் கன்றைப் பிடித்துக்கொண்டாள். யூன்ஹோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உக்காருக்கா, தண்ணி கொண்டுவரட்டுமா?" என்றாள். ஷுன்கியூ கையை உதறினாள்.

"என் மாமியா என்னைத் திட்டினது எலும்பு வரைக்கும் போச்சுடி. அதை உனக்குக் கொடுக்கக் கூடாதுன்னுதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த மாதிரிப் பேச்சு அவளுக்கு வராது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "கூறுகெட்டவளே! இதை ஆறு வருஷம் முன்னாடி சொல்றதுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? அத்தனை உப்பை நான் குடிச்சேனே, எனக்குத்தானேடி பிரஷர் ஏறுது!"

வரப்பில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கின்வா லாரியை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான், பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று. வாசற்படியில் குறுக்கே கிடந்த செருப்பில் தடுக்கி விழப் பார்த்தான்.

"செருப்பை எடுத்து ஓரமா வைக்கத் தெரியாதா உனக்கு? கண்ணை லாரியிலேயே விட்டுட்டு வந்தியா?" என்றாள் ஷுன்கியூ.

"அது அவ செருப்பும்மா."

"அத்தை சொல்றாங்கல்ல, எடுத்து வையேன்!" என்றாள் வாய்லின் அடுப்படியிலிருந்து.

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பை பிரித்துக் கிடந்தது. "அப்ப டவுன் ரூமு?"

"நீ போய்ப் படுத்துக்கோ" என்றாள் மனைவி. "அங்க என்னைத் திட்ட யாரு இருக்கா? நீ திட்டினா சிரிப்புத்தான் வருது."

அவன் வழக்கம்போல் வாரக் கடைசியில் வந்து போனான். இப்போது வீட்டில் திட்டு ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாயில் வந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலமரத்தடியில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தான். வாய்லின் நன்றாகவே பழகிக்கொண்டாள். சந்தையில் மாமியார் மூச்சு வாங்குகிற இடத்தில் மருமகள் எடுத்துக்கொள்வாள். சூப்பில் உப்பு சரியானது.

குழந்தை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அந்த வருஷமே இல்லை, அடுத்த வருஷக் கடைசியில். அதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கீரை யூன்ஹோவுடையது, திட்டு ஷுன்கியூவுடையது, பலன் யாரால் என்று. வாய்க்காலின் இந்தக் கரை ஒன்று சொன்னது, அந்தக் கரை ஒன்று சொன்னது. திருடினவள் பதில் பேசினதால்தான் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று மீன்காரன் சொன்னான். அது மட்டும் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

பிறந்தது பெண். பிறந்த குழந்தைக்குப் புத்தாண்டின் முதல் மாதம் குல மண்டபத்தில் விளக்குக் கட்டுவது வழக்கம், ஆனால் அங்கே விளக்கு ஆண்பிள்ளைக்குத்தான். ஷுன்கியூ பெரிய சிவப்பு விளக்காக ஒன்று வாங்கி, தாமரை ஒட்டி, தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். பொறுப்பில் இருந்த லுங் பெரியவர் உத்தரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஷுன்கியூ, பேத்தி நல்லா இருக்கட்டும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

ஷுன்கியூ வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. முந்தின நாள் பதினைந்து, திட்டு வாங்க வந்தவர்கள் கூட்டம் வாய்க்கால் முனைவரை நின்றது, தொண்டை அடைத்துப்போயிருந்தது. கையை ஆட்டினாள், நெஞ்சில் தட்டினாள், விளக்கைக் காட்டினாள். பெரியவர் பாவம்போலத் தலையை ஆட்டினார். குழந்தையை வைத்திருந்த வாய்லின் முன்னால் ஒரு அடி வைத்தாள்.

அவளுக்கு முன்னால், கூட வந்திருந்த யூன்ஹோ போய்விட்டாள். கொண்டைக்காரி, குட்டையான உருவம், கையில் வாத்து முட்டைக் கூடை. கூடையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கைவைத்தாள். முகம் விளக்கைவிடச் சிவந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு திட்டு.

"எவடி அவ!" என்றாள், எழுபது வயசுப் பெரியவரைப் பார்த்து. மண்டபத்துத் தூண்கள் அதிர்ந்தன. "என் பாத்தியில கால் வச்சவளே! மாடு மாதிரி மேயறவளே! உன் வீட்டுல தொட்டில் கயிறு அவுக்க நேரமில்லாமப் போக! உன் பின்னாடி ஒரு டஜன் பிள்ளைங்க ஓடிவர!" மூச்சு வாங்கிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க."

பெரியவரின் மீசை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் வயிறு குலுங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கட்டுங்கம்மா, கட்டுங்க. இந்த வயசுல எனக்கு டஜன் பிள்ளை பிறந்தா நான் எங்கே போவேன்?" என்று நாற்காலியை நகர்த்தி அவரே பிடித்துக்கொண்டார்.

வாய்லின் ஏறி விளக்கைக் கட்டினாள். குழந்தை ஷுன்கியூ தோளில் கிடந்து அந்தச் சிவப்பையே பார்த்தது. ஷுன்கியூ யூன்ஹோவின் காதருகே குனிந்தாள். அடைத்த தொண்டையிலிருந்து கிசுகிசுப்பு வந்தது, பட்டுப்புழு வீட்டில் பேசின மாதிரியே.

"பரவாயில்லை. ஆனா இன்னும் வயித்துலேர்ந்து வரணும்டி."

"சரிக்கா" என்றாள் யூன்ஹோ. "அந்தக் குடை?"